பெட்டியைத் தேடிச் செல்வோர்

புதையல் என்னும் சொல் காதில் விழுந்த மாத்திரத்தே நிமிர்ந்து உட்காராத சிறுவர் எவருமிலர். கடலில் மூழ்கிய கப்பல், குகையில் மறைத்த பேழை என்று மூத்தம்மா சொன்ன கதைகளை மனத்திற் கொண்டு, கடற்கரை மணலைக் கிளறிப் பாராதவர் நம் ஊர்களில் மிகச் சிலரே. பெரியோருக்கும் அவ்வாசை இல்லாமலில்லை. அவர்கள் அதனை வெளியிற் காட்டிக்கொள்வதில்லை, அவ்வளவே. இந்தப் பழைய ஆசையையும் இக்காலத்துச் செய்மதியையும் ஒன்றாக முடிந்துவைத்த ஒரு விளையாட்டைப் பற்றி இவ்வாரம் நேயர்களோடு பேச விரும்புகின்றோம்.

அதன் பெயர் ஜியோகேஷிங். ஒருவர் ஒரு பெட்டியை ஓரிடத்தில் மறைத்துவைத்து, அவ்விடத்தின் அகலக்கோடு நெடுங்கோடுகளை இணையத்தளத்தில் வெளியிடுவார். வேண்டியவர் யாரும் அக்கணக்கைக் கைத்தொலைபேசியிற் குறித்துக்கொண்டு போய்ப் பெட்டியைத் தேடலாம். கண்டவர் அதனுள்ளிருக்கும் குறிப்பேட்டிற் பெயரெழுதி, பெட்டியை இருந்தபடியே வைத்துவிட்டுத் திரும்பவேண்டும். இன்று உலகெங்கும் இத்தகைய பெட்டிகள் 30 இலட்சத்திற்கு மேல் உள்ளன. அவற்றுள் சிலவற்றை ஆயிரக்கணக்கானோர் தேடிச் செல்கின்றனர். சிலவற்றை ஆண்டு முழுவதும் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. பெட்டிக்குப் பெட்டி இவ்வேற்றுமை ஏன்? இதுவே இன்று நாம் ஆராயவிருப்பது.

முதலில் இதன் பிறப்பைச் சிறிது அறிந்துகொள்வோம். வானிற் சுற்றும் செய்மதிகளைக் கொண்டு இடமறியும் முறையை ஐக்கிய அமெரிக்கா அமைத்தபோது, பொதுமக்கள் பெறும் குறிப்பில் மாத்திரம் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வந்தது. ஆதலின் மக்கள் கையிலிருந்த கருவிகள் 100 மீற்றர் வரை தவறிக் காட்டின. 2000ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் திகதி அப்பிழை நீக்கப்பட்டது. மறுநாளே, டேவ் உல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தில் பீவர்கிறீக் என்னும் ஊருக்கருகே ஒரு கறுப்பு வாளியை மறைத்துவைத்து, இடக்கணக்கை இணையத்தில் அறிவித்தார். வாளிக்குள் இருந்தவை சில நூல்கள், சில ஒளிப்பட நாடாக்கள், ஒரு கவண், ஒரு தகரத்தில் அடைத்த அவரைப் பருப்பு முதலியன. மூன்று நாள்களுக்குள் மைக் டீக் என்பவர் அதனைக் கண்டுபிடித்தார். அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில் இதற்கென ஒரு பொது இணையத்தளம் தொடங்கப்பட்டபோது, உலகில் இருந்த பெட்டிகள் 75 மாத்திரமே.

மாணவர்கள் இதன் கணக்கை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். நமது கல்முனை ஏறக்குறைய வட அகலக்கோடு 7 பாகை 25 கலையிலும், கிழக்கு நெடுங்கோடு 81 பாகை 50 கலையிலும் அமைந்துள்ளது. அகலக்கோட்டில் ஒரு கலை என்பது நிலத்தில் ஏறக்குறைய 1,850 மீற்றர். அக்கலையை ஆயிரமாகப் பகுத்தால் ஒரு பங்கு 2 மீற்றருக்கும் குறைவு. இவ்விளையாட்டிற் கலையின் ஆயிரத்திலொரு பங்குவரை எழுதுகின்றனர். அஃதாவது, சியாட்டில் நகரில் இருக்கும் ஒருவருக்கு நம் வீட்டு முற்றத்து மாமரம் எங்கே நிற்கின்றதென்பதை இரண்டு எண்களால் உணர்த்திவிடலாம். புவியியற் பாடத்திற் கோடுகளைக் கண்டு சலிக்கும் பிள்ளைக்கு இதனைச் சொல்லிப் பாருங்கள். அக்கோடுகள் அப்போது உயிர்பெறும்.

இனி, மிகுதியான மக்கள் நாடிச் செல்லும் பெட்டிகள் எவை என்று பார்ப்போம். சியாட்டில் நகரில் இவ்விளையாட்டை நடாத்தும் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் ஒரு பெட்டி வைக்கப்பட்டுள்ளது. பல நாடுகளிலிருந்தும் வருவோர் அங்கே பெயரெழுதிச் செல்கின்றனர். அதே மாநிலத்து மலைப்பகுதியிற் பழைய இருப்புப்பாதைச் சுரங்கமொன்று உண்டு, 3½ கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நீளமுடையது, உள்ளே காரிருள். கைவிளக்குடன் அதனைக் கடந்து சென்று காணும் ஒரு பெட்டியும் பெரும்புகழ் வாய்ந்தது. 2011ஆம் ஆண்டில் அது காணாமற்போயிற்று. பல ஆண்டுகளின் பின்னரே மீண்டும் பழைய இடத்தை அடைந்தது. உல்மரின் முதல் வாளி இருந்த இடத்தில் இன்று வாளி இல்லை. ஒரு நினைவுப் பலகையே உள்ளது. அதனைக் காணவும் மக்கள் ஓயாது வருகின்றனர். கன்சாஸ் மாநிலத்து நெடுஞ்சாலை ஓரத்திலே, 2000ஆம் ஆண்டு மே 11ஆம் திகதி வைக்கப்பட்ட மிங்கோ என்னும் பெட்டி, இன்றும் நிலைத்திருப்பவற்றுள் மிகப் பழையது. ஐரோப்பாவிலோ, பிராக் போன்ற நகரங்களிற் பழைய பாலங்களுக்கும் சதுக்கங்களுக்கும் அருகேயுள்ள பெட்டிகளையே சுற்றுலாவினர் மொய்க்கின்றனர்.

இவற்றை ஒப்பிட்டு நோக்கினால் காரணங்கள் தாமாகவே தெரியவரும். முதலாவது, வழி. நெடுஞ்சாலை ஓரத்திலும் நகர நடுவிலும் இருக்கும் பெட்டிக்குப் போவோர் தனியே பயணப்பட வேண்டியதில்லை. போகிற போக்கிற் கண்டுவிடலாம். இரண்டாவது, வரலாறு. முதலாவது என்றும் மிகப் பழையது என்றும் பெயர் பெற்றதைத் தாமும் கண்டோம் என்று சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் விருப்பமில்லை? மூன்றாவது, இடத்தின் இயல்பு. இருண்ட சுரங்கமும் எழில்மிக்க பாலமும் பெட்டி இல்லாவிடினும் காணத்தக்கவையே.

நான்காவது காரணம் பலர் கண்ணுக்குப் படுவதில்லை. அது பராமரிப்பு. பெட்டியை மறைத்தவர் அதனை மறந்துவிடலாகாது. குறிப்பேடு நிறைந்தால் புதியது வைக்கவேண்டும். மழைநீர் புகுந்தால் துடைக்கவேண்டும். களவு போனால் வேறொன்று வைக்கவேண்டும். கவனிப்பாரற்ற பெட்டியை இணையத்தளத்திலிருந்து நீக்கிவிடுகின்றனர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் தேடிவரும் ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னும், பெயர் வெளித்தெரியாத யாரோ ஒருவரின் உழைப்பு இருக்கின்றது.

தொகை மாத்திரம் பெருமையாகாது என்பதையும் அவ்விளையாட்டினர் உணர்ந்துள்ளனர். ஆதலின் விருப்பப் புள்ளி என்றொரு முறையை ஏற்படுத்தினர். சந்தா செலுத்தும் உறுப்பினர் ஒருவர் பத்துப் பெட்டிகளைக் கண்டால், தம் மனம் கவர்ந்த ஒன்றுக்கு ஒரு புள்ளி வழங்கலாம். பத்தில் ஒன்றே என்பதால் நன்கு சிந்தித்தே வழங்குவர். ஆயிரம்பேர் வந்து போன பெட்டிக்குப் புள்ளி குறைவாயிருப்பதும், நூறுபேரே வந்ததற்குப் புள்ளி நிறைந்திருப்பதும் உண்டு. சென்று காண்பதற்கு மிக அரிய பெட்டியோ பூமியிலேயே இல்லை! 2008ஆம் ஆண்டில் ரிச்சர்ட் கரியற் என்பவர் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஒன்றை அமைத்தார். நமது தலைக்குமேல் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் அதனை, 2013ஆம் ஆண்டில் ஒரு விண்வெளி வீரர் கண்டு பதிந்தார்.

இத்தனை தூரம் சென்று திறக்கும் பெட்டிக்குள் இருப்பதுதான் என்ன? ஒரு பென்சில், ஒரு குறிப்பேடு, இரண்டொரு விளையாட்டுப் பொருள்கள். சந்தையில் விற்றால் ஒரு கோப்பைத் தேநீருக்கும் போதாது. இவ்வழக்கம் செய்மதிக்கு முற்பட்டது. இங்கிலாந்தின் டாட்மூர் மேட்டுநிலத்தில், 1854ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் பெறற் என்னும் வழிகாட்டி, சென்றடைதற்கு அரிய சேற்றுநிலமொன்றில் ஒரு போத்தலை வைத்தார். வந்தவர் தத்தம் பெயர்ச்சீட்டை அதில் இட்டுச் சென்றனர். ‘நானும் இங்கு வந்தேன், எனக்கு முன் வந்தோர் இவர்’ என்று அறிவதிலுள்ள மகிழ்ச்சியே அன்றும் இன்றும் மக்களை இழுக்கின்றது.

விளையாட்டையும் பக்தியையும் ஒப்பிடுதல் நம் கருத்தன்று. எனினும், மக்கள் ஓரிடத்தை ஏன் நாடுகின்றனர் என்னும் கேள்விக்கு நம் ஊரிலும் விடையுண்டு. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலை எண்ணிப் பாருங்கள். நாகூரில் அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது ஒலியுல்லாஹ் அவர்களின் நினைவாக அங்கு ஆண்டுதோறும் கொடியேற்றம் நிகழ்கின்றது. பெரியாரின் அடக்கம் இங்கில்லை. அது கடலுக்கப்பால் உள்ளது. ஆயினும் கொடியேற்ற நாள்களிற் கரையெங்கும் மக்கள் திரளாகக் கூடுகின்றனர். நினைவைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்தோர் இருந்தமையாலன்றோ அவ்விடம் இன்றும் இடமாக நிற்கின்றது!

அவ்வாறாயின், நம் பிள்ளைகளும் தெருவோரத்திற் பெட்டிகளை மறைத்துவைக்கலாமா? கூடாது என்றே நாம் சொல்வோம். 2011ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வெதர்பி நகரில், இவ்விளையாட்டுப் பெட்டியொன்றைக் கண்டு ஐயுற்றோர் செய்தி கொடுக்க, படையினர் வந்து அதனை வெடிக்கச்செய்து அழித்தனர். அமைதியான ஊரிலேயே அந்நிலை. 2009ஆம் ஆண்டு வரை நீண்ட போரையும், 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திற் சாய்ந்தமருதில் நிகழ்ந்த குண்டுவெடிப்பையும் கண்ட மக்கள் நாம். கேட்பாரற்ற பொதி நமக்கு விளையாட்டுப் பொருளன்று. அயலவர் நெஞ்சைத் திடுக்கிடச் செய்யும் விளையாட்டு நமக்கு வேண்டாம்.

பெட்டியில்லாத வகையொன்றும் உண்டு. அதனை ஏர்த்கேஷ் என்பர். 2004ஆம் ஆண்டில் அமெரிக்க நிலவியற் கழகத்தின் துணையோடு அது தொடங்கப்பட்டது. அங்கே எதையும் மறைப்பதில்லை. குறித்த இடத்திற்குச் சென்று, பாறையையோ மணலையோ ஆற்றையோ உற்றுநோக்கி, கேட்கப்பட்ட வினாக்களுக்கு விடை எழுதவேண்டும். இவ்வகைக்கு நமது கரையினும் சிறந்த பாடசாலை எங்குண்டு? ஒலுவில் துறைமுகம் 2013ஆம் ஆண்டிற் திறக்கப்பட்டது. அதன் வடபுறத்தே கடல் கரையை அரித்துச் செல்கின்றது. துறைமுக வாயிலிலோ மணல் வந்து அடைக்கின்றது. கரையோரமாக நகரும் மணலைக் கல்லணை தடுத்தால் யாது நிகழும் என்பதை, ஒலுவில் வெளிச்சவீட்டின் அருகே நின்று பார்க்கும் மாணவன் ஒரு மாலைப்பொழுதிற் கற்றுவிடுவான்.

நிலத்தை மாத்திரமா? மருதமுனையிற் கைத்தறி ஒலிக்கும் ஒழுங்கைகள், பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்புக் களம், 1892ஆம் ஆண்டிற் சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவு ஆகியன யாவும் ஒரே பெருந்தெருவில், துவிச்சக்கரவண்டியிற் சென்று திரும்பும் தூரத்தில் உள்ளன. சியாட்டிலுக்குப் போகக் கனவு காணும் நம் பிள்ளைகளுள் எத்தனைபேர் இவற்றை நின்று பார்த்திருப்பர்?

இதிலே காலந்தாழ்த்த முடியாத கடமையொன்றும் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் புகுந்தது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையின் வேறெம்மாவட்டத்திலும் அத்துணை உயிர்கள் போகவில்லை. உயிர்களோடு ஒழுங்கைகளும் கிணறுகளும் வீட்டு வாயில்களும் போயின. எந்த வீடு எங்கே நின்றது, எந்த வாடியில் யார் வலை உலர்த்தினர் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். ஆனால் அவர்கள் முதுமையெய்தி வருகின்றனர். அன்று பிறவாத பிள்ளைகளுக்கோ, அது வெறும் மணல்வெளி.

ஆதலின் நேயர்களுக்கு ஒன்று கூறுவோம். வரும் விடுமுறையில், வீட்டிலுள்ள மூத்தவாப்பாவையோ மூத்தம்மாவையோ, அயலிலுள்ள முதியவர் ஒருவரையோ பிள்ளைகள் கடற்கரைக்கு அழைத்துச் செல்லட்டும். அவர் காட்டும் இடத்தில் நின்று, கைத்தொலைபேசி காட்டும் எண்களைக் குறிப்பேட்டில் எழுதட்டும். அவ்வெண்களுக்கு எதிரே, அங்கு இருந்தது யாது, அங்கு வாழ்ந்தவர் யாவர் என்பதை அவர் சொன்னபடியே பதியட்டும். சொல்ல மனம் வராத துயரமாயின் வற்புறுத்தவேண்டாம். உடன் நின்றாலே போதும். இவ்வாறு பத்து வீட்டுப் பிள்ளைகள் எழுதி வைத்தால், கடல் கொண்ட ஒரு தெரு தாளிலே மீண்டுவிடும்.

மக்கள் மிகுதியாக நாடும் பெட்டிகள் நமக்குக் கற்பிப்பது இதுவே. ஓரிடத்தின் சிறப்பு அதனுள் வைத்த பொருளாலன்று. அதனைத் தெரிந்தெடுத்து, அதன் கதையைச் சொல்லி, கைவிடாது காப்பவராலேயே ஏற்படுகின்றது. நம் கரையிற் காக்கவேண்டிய இடங்கள் பல. காப்போர் தொகை பெருகவேண்டும்.