கல் முகச் செடி

1811-ம் வருஷம், தென்னாப்பிரிக்க வறள்நிலத்தில் பர்ச்செல் என்ற ஆங்கிலேயர் விசித்திரமான கூழாங்கல் ஒன்றைக் குனிந்து எடுத்தார். பார்த்தால், அது செடி! கிரேக்க பாஷையில் 'கல் முகம்' என்று பொருள்படும் 'லித்தாப்ஸ்' என்னும் பெயர் அந்த ஜாதிக்கு 1922-ல்தான் கிடைத்தது.

அங்கே செப்டம்பரில் வசந்தம் பிறக்கிறது. பழைய இலைகள் இரண்டும் தங்கள் ஜலத்தையெல்லாம் நடுவில் தோன்றும் புது ஜோடிக்கு வழங்கிவிட்டுக் காகிதம்போல் உலர்கின்றன. புது இலைகளின் செம்மையும் சாம்பலும் பழுப்பும் அப்போது பளிச்சிடுவது கண்கொள்ளாக் காட்சி.

தொட்டியில் வளர்ப்போரோ, இலை சுருங்குகிறதே என்று மனமிரங்கி அச்சமயம் நீர் வார்த்துவிடுகிறார்கள். பழைய இலை உலராமல் புதியதை நெருக்கும்; செடியே அழுகிப் போவதும் உண்டு.

இதைவிடப் பெரிய ஆபத்து திருட்டு. இத்தகைய சதைச் செடிகளை அந்நாட்டு மண்ணிலிருந்து பெயர்த்து அயல்நாடுகளுக்கு விற்கும் கும்பல்கள் உண்டு. வாங்குகிறவர்கள் 'விதையிட்டு வளர்த்ததுதானா?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கட்டும்.