500-இல் 137

இன்றைக்குக் கொஞ்சம் நீளும்.

சிட்னியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பி, "சார், இதை வாங்கலாமா?" என்று கேட்டான். ஆஸ்திரேலிய மட்டையாளர் விக்டர் டிரம்பர் கிரீஸை விட்டு இறங்கி, மட்டையைப் பின்னால் ஓங்கிப் பாயும் அந்தப் புகழ்பெற்ற கறுப்பு வெள்ளைப் படம். கண்ணாடிச் சட்டம் போட்டு, கீழே பென்சிலில் 137/500 என்று எழுதியிருந்தது. லிமிடெட் எடிஷனாம். நம்மூர்க் காசுக்கு முப்பதாயிரத்துக்கு மேல்.

வேண்டாம் மக்களே என்றேன். "சாருக்குக் கிரிக்கெட்னா உயிராச்சே" என்று அவனுக்கு வருத்தம். அதனால் காரணத்தை எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

படத்தில் குறை இல்லை. எடுத்தவர் ஜார்ஜ் பெல்டம். அவரே மிடில்செக்ஸ் அணிக்கு ஆடியவர். 1905-இல் வந்த 'கிரேட் பேட்ஸ்மென்' என்ற புத்தகத்தில் இந்தப் படம் இருக்கிறது. அந்தக் காலத்துக் காமிராவில் பாய்கிற ஆளை அசையாமல் பிடிப்பது லேசான காரியமா? ஆனால் 500 என்ற எண்ணுக்குப் பொருள் என்ன? இந்த வியாபாரி இந்த அளவில் இத்தனை போட்டார், அவ்வளவுதான். பெல்டம் காலமானது 1937-இல். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. நாளை இன்னொருவர் இதையே வேறு அளவில் 1000 போட்டால் யாரும் கேட்க முடியாது. தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூ குவிந்து கிடக்கிற நாளில், ஒருத்தர் தன் கூடையில் மட்டும் 'இவ்வளவுதான் இருக்கு' என்று சீட்டு ஒட்டி விலையேற்றினால் வாங்குவோமா?

அமெரிக்காவில் பழைய பேஸ்பால் படங்கள் சேர்ப்பவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். மூல நெகட்டிவிலிருந்து, படம் எடுத்து ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்குள் போட்ட பிரதிதான் அவர்களுக்கு 'டைப் ஒன்'. அதே நெகட்டிவில் இருபது வருஷம் கழித்துப் போட்டால் இரண்டாம் வகை. பிரதியிலிருந்து எடுத்த பிரதி அதற்கும் கீழே. வகையைத் தீர்மானிக்க அவர்கள் படத்தின் முதுகைத் திருப்பிப் பார்ப்பார்கள். பத்திரிகை அலுவலக முத்திரை, தேதி, ஒட்டிய செய்தித் துண்டு எல்லாம் அங்கேதான் இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்துப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சு இயந்திரத்தில் வந்தது; இருட்டறையில் கழுவிப் போட்ட படத்தில் அந்தப் புள்ளிகள் இருக்காது.

நானும் படம் சேர்த்தவன்தான். 'ஸ்போர்ட்ஸ்டார்' 1978-இல் வந்த நாள் முதலாக நடுப்பக்கப் படங்களைப் பிரித்து வைத்தேன். 1986 செப்டம்பரில் சேப்பாக்கம் டெஸ்ட் டையில் முடிந்தபோது, வகுப்புச் சுவரில் நான் ஒட்டிய படத்தைச் சுற்றி நீங்கள் அடித்த கூத்து நினைவிருக்கிறதா?

ஆனால் எங்கே கோட்டை விட்டேன் தெரியுமா? நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் அறை நிறைய அணிப் படங்கள் தொங்கின. வாலிபால், கபடி, ஓட்டப்பந்தயம். வருஷா வருஷம் ஸ்டுடியோக்காரர் ஸ்டாண்டுக் காமிராவோடு வந்து எடுத்தது. ஒரு விடுமுறையில் வெள்ளையடிக்கக் கழற்றினார்கள். திரும்ப மாட்டவில்லை, பழைய பேப்பரோடு எடைக்குப் போயிற்று. அன்றைக்கு நானும் அங்கேதான் நின்றேன். வாய் திறக்கவில்லை. இது பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்து வந்தேன். 1984 வாலிபால் அணி. ஸ்டுடியோ முத்திரை இருக்கிறது. பின்னால் பி.டி. சார் பென்சிலில் எழுதிய பெயர்களில் பாதியைச் செல் அரித்துவிட்டது. இந்தப் படத்தில் எத்தனை பிரதி போட்டிருப்பார்கள்? பள்ளிக்கு ஒன்று, காசு கொடுக்க முடிந்த பையன்களுக்கு ஒவ்வொன்று. எனக்குத் தெரிந்து இப்போது மிஞ்சியது இது ஒன்றுதான். நெகட்டிவும் இல்லை.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடித் தேடி டிஜிட்டலாக்கியது. பிரிட்டிஷ் நூலகம் அதற்கு உதவியது. அவர்கள் மதித்ததை நாம் எடைக்குப் போடுகிறோம். எனவே சிட்னிக்காரனுக்கு நான் சொன்னது: டிரம்பர் எங்கும் போய்விட மாட்டார். அடுத்த லீவில் ஊருக்கு வரும்போது உன் அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திற. படத்தை லேமினேஷன் செய்யாதே, பசை ஆல்பத்தில் ஒட்டாதே. பின்னால் பால்பாயிண்ட் வேண்டாம், மெதுவான பென்சிலால் பெயரும் வருஷமும் எழுது. அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும்போதே கேட்டு எழுது.

1984 படத்தைக் கீழே போட்டிருக்கிறேன், முன்னும் பின்னும். நிற்பவர்களில் இடமிருந்து மூன்றாவது பையன், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறானே, அவன் பெயர்தான் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. தெரிந்தவர்கள் எழுதுங்கள்.