பயனாளிகளுக்கு அறிவிப்பு, குடிமக்களுக்குச் செய்தி

கனடாவின் கிழக்கு விளிம்பில், லாப்ரடாரின் வட கடற்கரையில் நுனாட்சியாவுட் என்னும் இனுயிட் தன்னாட்சிப் பகுதி உள்ளது. ‘எங்கள் அழகிய நிலம்’ என்பது அப்பெயரின் பொருள். அதன் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலைப் பார்வையிடுபவர் கடைசி வரியில் சற்றே நிற்க நேரும். நெய்ன், ஹோப்டேல், மக்கோவிக், போஸ்ட்வில், ரிகொலெட் என ஐந்து கடலோர ஊர்கள் முதலில் வருகின்றன. அடுத்து மேல் மெல்வில் ஏரிப் பகுதி. இறுதியாக ‘கனடா’ என்றொரு தொகுதி. சில ஆயிரம் உறுப்பினர்களே கொண்ட ஒரு மக்களின் சட்டமன்றத்தில், உலகின் இரண்டாவது பெரிய நாடு ஒரு தொகுதியாக இடம்பெற்றிருக்கிறது. அதற்கு இரண்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். அமைச்சரவையிலும் இத்தொகுதியினர் இடம்பெற்றதுண்டு.

தாயகத்திற்கு வெளியே கனடாவின் எம்மூலையில் வாழ்ந்தாலும், பதிவு பெற்ற லாப்ரடார் இனுயிட் ஒருவர் தம் மக்களின் அரசைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதே இவ்வேற்பாட்டின் சாரம். தன்னாட்சி குறித்த ஆய்வுகளில் நிலவுரிமை, கனிம வருவாய், அதிகாரப் பகிர்வு ஆகியவை பெரும்பாலும் பேசப்படுகின்றன. தொலைவில் வாழும் உறுப்பினருக்கும் அவருடைய அரசுக்கும் இடையிலான உறவு குறைவாகவே பேசப்படுகிறது. அவ்வுறவின் உயிர்நாடி வாக்குச்சீட்டு மட்டுமன்று, செய்தியும்தான். வாக்குரிமையைத் தந்துவிட்டு, அதைப் பயன்படுத்தத் தேவையான செய்தியைத் தராத அரசு தன் உறுப்பினரைக் குடிமகனாக நடத்துவதில்லை, பயனாளியாகவே நடத்துகிறது.

‘பயனாளி’ என்னும் சொல் இங்கு தற்செயலாக வரவில்லை. லாப்ரடார் இனுயிட் சங்கம் 1973இல் தோன்றியது. 1977இல் அது நில உரிமைக் கோரிக்கையை முன்வைத்தது. நெடிய பேச்சுவார்த்தைக்குப் பின் 2005 ஜனவரி 22 அன்று உடன்படிக்கை கையெழுத்தாகி, அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 72,520 சதுர கிலோமீட்டர் நிலம் உடன்படிக்கைப் பகுதியாக ஏற்கப்பட்டது. அதில் 15,800 சதுர கிலோமீட்டர் இனுயிட் மக்களுக்கே உரிய நிலமாயிற்று. இந்த உடன்படிக்கையின் கீழ்ப் பதிவு பெற்றவர்களைச் சட்டமொழி ‘பயனாளிகள்’ என்றே குறிக்கிறது. நலத்திட்டப் பட்டியல்களின் வழியாக அச்சொல்லை அறிந்த இந்திய வாசகருக்கு அதன் தொனி நன்கு விளங்கும். பயனாளி பெறுபவர், அவரிடம் எவரும் கருத்துக் கேட்பதில்லை. ஆனால் அதே உடன்படிக்கைதான் அவருக்கு வாக்கையும் அளித்தது. ஒரே மனிதர் ஒரு தாளில் பயனாளியாகவும் மற்றொரு தாளில் குடிமகனாகவும் நிற்கிறார். அரசு அவருக்கு எதை அனுப்புகிறது என்பதைக் கொண்டே, அவரை இவ்விருவரில் எவராகக் கருதுகிறது என்று அறியலாம்.

இந்த வினா சிறுபான்மையினர் சிலரைப் பற்றியதன்று. கனடாவின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் இனுயிட் மக்கள் 70,545 பேர். அவர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் நான்கு இனுயிட் தாயகப் பகுதிகளுக்கும் வெளியே வாழ்கின்றனர். நுனாட்சியாவுட்டில் இவ்விகிதம் இன்னும் கூடுதல். பதிவு பெற்ற உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் உடன்படிக்கைப் பகுதிக்கு வெளியேதான் இருக்கின்றனர். அருகிலுள்ள ஹாப்பி வேலி–கூஸ் பே நகரமும் அப்பகுதிக்குள் அடங்காது. செயின்ட் ஜான்ஸ், ஒட்டாவா போன்ற நகரங்களில் வாழ்வோரோ இன்னும் தொலைவில் உள்ளனர். ஐந்து கடலோர ஊர்களையும் வெளியுலகோடு இணைக்கும் சாலை இல்லை. விமானம், கோடைக்காலக் கப்பல், பனிக்காலத்தில் பனிவண்டி ஆகியவையே வழி. ஊர் திரும்புவது என்பது பலருக்கு ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகும் செலவு.

‘விட்டுச் சென்றவர்களுக்கு ஏன் குரல்?’ என்னும் கேள்வி எளிதில் எழக்கூடியது. அதற்கு வரலாறு விடை தருகிறது. 1941இல் கூஸ் பேயில் இராணுவ விமானத்தளம் அமைக்கப்பட்டபோது கடலோர மக்கள் வேலை தேடித் தெற்கே நகர்ந்தனர். 1956இல் நூட்டாக்கும் 1959இல் ஹெப்ரனும் மூடப்பட்டன. அவ்வூர்களின் குடும்பங்கள் தெற்கிலுள்ள ஊர்களுக்கு மாற்றப்பட்டு, உறவுகள் சிதறின. உயர்கல்வி, மருத்துவமனை, வீட்டுப் பற்றாக்குறை ஆகியவை இன்றும் மக்களை வெளியேற்றுகின்றன. வெளியேற்றம் பெரிதும் பிறர் வகுத்த கொள்கைகளின் விளைவாக இருக்கையில், வெளியே இருப்பதையே காரணம் காட்டி உரிமையைப் பறிப்பது அக்கொள்கைகளுக்கு இரண்டாம் வெற்றியை அளிப்பதாகும்.

ஹெப்ரன் நிகழ்வில் மற்றொரு பாடமும் உண்டு. அவ்வூர் மூடப்படும் என்னும் தகவல் 1959இல் மொராவியத் திருச்சபையின் தேவாலயத்தில் கூட்டப்பட்ட கூட்டத்தில் மக்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. தேவாலயத்தினுள் எதிர்த்துப் பேசுவது அம்மக்களுக்கு வழக்கமில்லை. முடிவு முன்பே எடுக்கப்பட்டிருந்தது; கூடியிருந்தோர் கேட்டுக்கொண்டனர். 2005இல் நியூஃபவுண்ட்லாந்து–லாப்ரடார் மாநில அரசு இதற்காக மன்னிப்புக் கோரியது. முடிவுக்குப் பின் வருவது அறிவிப்பு. முடிவுக்கு முன், மாற்றுக் கருத்துகளோடு வருவது செய்தி. இந்த வேறுபாட்டை ஹெப்ரனின் மக்களைவிட அதிக விலை கொடுத்துக் கற்றவர்கள் சிலரே இருப்பர். அம்மக்களின் வழித்தோன்றல்கள் நடத்தும் அரசு அதை மறத்தல் ஆகாது.

பிற முன்மாதிரிகளோடு ஒப்பிட்டால் நுனாட்சியாவுட்டின் தனித்தன்மை தெளிவாகும். 1999இல் உருவான நுனாவுட் பெரும்பான்மை இனுயிட் மக்களைக் கொண்டதாயினும், அது குடியிருப்போர் அனைவருக்குமான பொது அரசு. நிலையாகத் தெற்கே குடிபெயர்ந்தவர் அதன் வாக்காளர் அல்லர். கிரீன்லாந்து 1979இல் உள்ளாட்சியும் 2009இல் விரிந்த தன்னாட்சியும் பெற்றது. அங்கும் வாக்குரிமை பொதுவாகக் குடியிருப்பைச் சார்ந்ததே. டென்மார்க்கில் நிலையாக வாழும் ஆயிரக்கணக்கான கிரீன்லாந்தியர் தம் நாட்டுச் சட்டமன்றத் தேர்தலுக்கு வெளியே நிற்கின்றனர். இந்தியச் சட்டமும் இதே வழியில் செல்கிறது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் ‘வழக்கமாக வசிப்பவர்’ என்பதையே அளவுகோலாகக் கொள்கிறது. ஆறாம் அட்டவணையின் தன்னாட்சி மாவட்ட மன்றங்களும் நிலத் தொகுதிகளின் அடிப்படையில் அமைந்தவை. நுனாட்சியாவுட் சட்டமன்றமோ நிலத்தையும் உறுப்புரிமையையும் ஒருங்கே பிரதிநிதித்துவத்தின் அடிப்படையாக்கியது.

கனடாவின் உச்ச நீதிமன்றமும் இவ்வினாவைச் சந்தித்திருக்கிறது. 1999இல் கார்பியர் வழக்கில், ஒதுக்கீட்டு நிலத்திற்கு வெளியே வாழும் முதற்குடி உறுப்பினர்களுக்கு வாக்களிக்க மறுத்த சட்டப்பிரிவு சமத்துவத்திற்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 2024 மார்ச்சில் வந்த டிக்சன் வழக்குத் தீர்ப்பு வேறு திசையில் சென்றது. யூகான் பகுதியின் வுன்டுட் க்விட்சின் முதற்குடியின் தன்னாட்சி அரசு, தேர்ந்தெடுக்கப்படும் மன்ற உறுப்பினர் 14 நாட்களுக்குள் தாயக நிலத்திற்குக் குடிபெயர வேண்டும் என்று விதித்திருந்தது. தெற்கே சுமார் 800 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வைட்ஹார்ஸில், மகனின் மருத்துவத் தேவை காரணமாக வாழ்ந்த ஓர் உறுப்பினர் அவ்விதியை எதிர்த்தார். விதி அவருடைய சமத்துவ உரிமையைப் பாதிக்கிறது என்பதை நீதிமன்றப் பெரும்பான்மை ஏற்றது. எனினும் தலைமைக்கும் நிலத்திற்கும் உள்ள பிணைப்பைக் காப்பது அம்மக்களின் கூட்டுரிமை என்று கருதி விதியை நிலைநிறுத்தியது.

அத்தீர்ப்பு எழுப்பும் கவலை புறந்தள்ளத்தக்கதன்று. முடிவின் விளைவைச் சுமப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் மற்றொருவர் என்னும் நிலை நியாயமாகாது. நுனாட்சியாவுட்டிலேயே இதற்குக் கூர்மையான சான்று உண்டு. 2008 ஏப்ரலில் அதன் சட்டமன்றம் இனுயிட் நிலங்களில் யுரேனியச் சுரங்கத் தொழிலுக்கு மூன்றாண்டு இடைக்காலத் தடை விதித்தது. தீர்மானம் நிறைவேறியது 8க்கு 7 என்ற கணக்கில். 2011 இறுதியில் அத்தடையை நீக்கும் முடிவு எடுக்கப்பட்டது. ஒரே வாக்கில் முடிவு மாறக்கூடிய மன்றத்தில் எந்த உறுப்பினரின் வாக்கும் முடிவைத் தீர்மானிக்கலாம். கனடாத் தொகுதியின் இரண்டு இடங்களும் அவ்வாறே. போஸ்ட்வில், மக்கோவிக் மக்களின் வேட்டை நிலத்திற்கு அருகே யுரேனியம் தோண்டலாமா என்பதில் டொரன்டோவில் வாழ்பவருக்கும் பங்கு உண்டு என்றால், அவர் அதைப் பற்றி என்ன அறிந்திருந்தார் என்று கேட்பது போஸ்ட்வில்வாசியின் உரிமை.

ஆகவே தொலைவிலிருப்போரின் அறியாமை அவர்களுடைய சொந்த இழப்பாக மட்டும் முடிவதில்லை. ஊரில் இருப்போருக்கும் அது ஆபத்து. வாக்கைப் பறிப்பது ஒரு தீர்வு. வாக்காளரை அறிந்தவராக்குவது மற்றொன்று. இரண்டாவதே மேலானது. தொகுதிக்கு இரண்டு இடங்கள் என்ற வரம்பு ஏற்கெனவே ஒரு சமநிலையைத் தருகிறது. வெளியே வாழ்வோருக்குக் குரல் உண்டு. ஊர்களை மூழ்கடிக்கும் பெரும்பான்மை இல்லை. இந்த ஏற்பாட்டில் விடுபட்டிருப்பது செய்திக்கான கடமை.

தொலைவில் உள்ள உறுப்பினரை வந்தடைபவை பெரும்பாலும் எவை? மருத்துவ நல உதவிக்கான படிவங்கள், உயர்கல்வி உதவிக்கான கடைசி நாள், பதிவு அட்டையைப் புதுப்பிக்கும் நினைவூட்டல், தேர்தல் நாள். இவை யாவும் தேவையானவை. ஒரு மாணவரின் படிப்பும் ஒரு முதியவரின் மருந்தும் இவற்றைச் சார்ந்திருக்கின்றன. எனினும் இவற்றை மட்டும் படித்து எவரும் ஒரு சுரங்கத் திட்டத்தைப் பற்றியோ, ஒரு வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றியோ கருத்துக் கொள்ள இயலாது. சட்டமன்றத்தில் எதிர்த்தவர் யார், அவர் சொன்ன காரணம் என்ன, மீனவரும் வேட்டையாளரும் என்ன கருதுகின்றனர் என்பவை சேரும்போதுதான் தகவல் செய்தியாகிறது.

அத்தகைய செய்தி மரபு லாப்ரடாருக்குப் புதிதன்று. நெய்னில் 1982இல் நிறுவப்பட்ட ஓகாலகாட்டிகெட் சங்கம் இனுட்டிட்டுட்டிலும் ஆங்கிலத்திலும் வானொலி ஒலிபரப்பி வருகிறது. அதன் ஆற்றல் ஊர்களின் செவிகளில் உள்ளது. சிதறி வாழ்வோரை எட்டச் சமூக ஊடகமே எளிய வழியாக இருந்தது. அவ்வழியும் இப்போது குறுகிவிட்டது. செய்தி நிறுவனங்களுக்குக் கட்டணம் வழங்கக் கோரும் கனடாவின் சட்டத்தை ஏற்க மறுத்து, 2023 ஆகஸ்ட் முதல் மெட்டா நிறுவனம் அந்நாட்டில் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தி நிறுவனங்களின் பதிவுகளைத் தடுத்தது. அரசுத் துறைகளின் அறிவிப்புகளுக்கு அத்தடை இல்லை. அறிவிப்பு தாராளமாகப் பாய, அதை வினவும் செய்தி தடுக்கப்படும் சூழல் எந்த அரசுக்கும் வசதியானது. எந்தக் குடிமக்களுக்கும் கேடானது.

செய்தி எட்டினால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. 2016இல் மஸ்க்ரட் அருவி நீர்மின் திட்டத்தின் நீர்த்தேக்கத்தால் மெல்வில் ஏரியின் மீனிலும் கடல்நாயிலும் மெத்தில் பாதரசம் கூடும் என்னும் ஆய்வு முடிவு பரவியது. அவ்வாய்வில் நுனாட்சியாவுட் அரசுக்கும் பங்கு இருந்தது. ரிகொலெட்டின் உணவைப் பற்றிய அக்கவலை ஏரிக்கரையோடு நிற்கவில்லை. லாப்ரடாரிலிருந்து மூவர் ஒட்டாவா வரை சென்று உண்ணாநோன்பு இருந்தனர். தெற்கு நகரங்களில் ஆதரவுக் கூட்டங்கள் நடந்தன. அணை நின்றுவிடவில்லை. ஆயினும் ஒரு கடலோர ஊரின் மீன் தொலைநகரங்களில் பொது வினாவாயிற்று. அதைச் சாத்தியமாக்கியது நலத்திட்டச் சுற்றறிக்கை அன்று.

நுனாட்சியாவுட்டிடம் எதிர்பார்க்கத்தக்கவை மிகையானவை அல்ல. பெரிய தீர்மானங்கள் வாக்கெடுப்புக்கு வருமுன் அவற்றின் சாரம், ஆதரவும் எதிர்ப்பும் சேர்த்து, கனடாத் தொகுதியின் ஒவ்வோர் உறுப்பினருக்கும் சென்றடைய வேண்டும். அதை எழுதுவோர் அமைச்சகத்தின் ஊழியராக இல்லாமல், பொதுநிதியில் இயங்கினும் தன்னுரிமை கொண்ட ஊடகவியலாளராக இருக்க வேண்டும். அது இனுட்டிட்டுட்டிலும் வர வேண்டும். தெற்கு நகரத்தில் பிறந்த குழந்தை தன் மொழியைப் பாடநூலில் மட்டும் காணாமல், தன் அரசைப் பற்றிய வாதத்திலும் காணும்போது அம்மொழிக்குப் பயன் உண்டு என்று உணரும். தொலைவில் வாழ்வோருக்கும் இதில் கடமை உண்டு. படிக்காமல் வாக்களிப்பது, தாம் சுமக்கப்போகாத சுமையைப் பிறர் தோளில் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவதாகும்.

தன்னாட்சி என்பது அதிகாரம் தலைநகரிலிருந்து கடற்கரைக்கு வந்து சேர்வதோடு முடிவடைவதில்லை. ஒட்டாவாவின் முடிவுகளை முன்பு அறிவிப்பாகப் பெற்ற மக்கள், இப்போது நெய்னிலும் ஹோப்டேலிலும் எடுக்கப்படும் முடிவுகளையும் அவ்வாறே பெறுவார்களாயின், மாறியது அனுப்புநரின் முகவரி மட்டுமே. கனடா என்னும் தொகுதியை வரைந்தவர்கள் அதைவிட உயர்ந்த ஒன்றை எண்ணியிருந்தனர் என்பதற்கு அத்தொகுதியே சான்று.