பக்கத்து மேஜையின் பந்தாட்டக்காரர்

ஸ்ரீவராகத்துக் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் குடியிருக்கும் தமிழ்க் குமாஸ்தாக்களைக் கேட்டாலும் சரி, சாலைக் கம்போளத்துக் கடைகளில் நிற்கும் நாகர்கோவில், திருநெல்வேலி இளைஞர்களைக் கேட்டாலும் சரி, இந்தியக் கிரிக்கெட் அணியின் பதினோரு பேரையும் மூச்சு விடாமல் சொல்லி விடுவார்கள். யாருக்கு எந்த முழங்காலில் வலி என்பது வரை அத்துப்படி. ஆனால் தாம் வேலை செய்யும் இதே திருவனந்தபுரத்தில், ஒருவேளை தாம் உட்காரும் அதே ஆபீஸில், காலை ஆறு மணிக்கு மைதானத்தில் ஓடி விட்டுப் பத்து மணிக்குப் பேரேட்டைத் திறக்கும் ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் பதில் வராது. "விளையாட்டுக் கோட்டாவில் வந்தவர்" என்பார்கள். அந்தச் சொல்லில் பாதி பொறாமையும் பாதி அலட்சியமும் கலந்திருக்கும்.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அவ்வளவு சின்ன விஷயம் அல்ல.

அமெரிக்காவில் ரோலர் டெர்பி என்றொரு ஆட்டம் உண்டு. காலில் சக்கரம் பூட்டிக் கொண்டு நீள்வட்டத் தடத்தில் சுற்றி வர வேண்டும். ஒரு கட்சிக்கு ஐந்து பேர். அவர்களில் ஒருத்தி மாத்திரம் எதிர்க்கட்சியினரைத் தாண்டித் தாண்டிச் சென்று புள்ளி எடுப்பாள். மற்ற நால்வரும் தோளாலும் இடுப்பாலும் இடித்து எதிராளியின் வழியை மறிப்பார்கள். 1935ல் சிகாகோவில் லியோ செல்ட்சர் என்பவர் இதைத் தொடங்கிய போது அது பணம் பண்ணும் காட்சியாகத்தான் இருந்தது. பிற்பாடு மவுசு குறைந்து படுத்து விட்டது. 2001ல் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரப் பெண்கள் சிலர் அதைத் தூசி தட்டி எடுத்துத் தாங்களே நடத்த முற்பட்டார்கள். பகலில் நர்ஸாகவும், ஆசிரியையாகவும், ஆபீஸ் ஊழியராகவும் இருப்பவர்கள் மாலையில் சக்கரம் பூட்டிக் கொள்கிறார்கள். தடம் போடுவதும் டிக்கெட் விற்பதும் அவர்களேதான். இன்று பல நாடுகளில் இப்படிப்பட்ட அணிகள் இருக்கின்றன. அந்த ஊர்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னரே அணியிலுள்ள ஒவ்வொருவரையும் ஊராருக்கு அறிமுகம் செய்து விடுகிறார்கள். இவள் இன்ன தெருவைச் சேர்ந்தவள், இன்ன வேலை பார்க்கிறாள், மைதானத்தில் இவளுக்கு இன்ன பட்டப்பெயர் என்று. பார்க்க வருகிறவர் யாரோ ஒருத்தியைப் பார்க்க வருவதில்லை. தம் பல்லைப் பிடுங்கிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸைப் பார்க்க வருகிறார்.

திருவனந்தபுரத்தில் ரோலர் டெர்பி வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அதற்குத் தேவையும் இல்லை. பகலில் உத்தியோகம், மாலையில் பந்து என்று வாழும் ஆட்டக்காரர்கள் இந்நகரில் அரை நூற்றாண்டுக்கு மேலாகவே இருந்து வருகிறார்கள். அறிமுகம்தான் இல்லை.

கொச்சுவேளியில் உள்ள டைட்டானியம் தொழிற்சாலையை எடுத்துக் கொள்ளலாம். வெள்ளைச் சாயப்பொடி செய்யும் ஆலை என்றுதான் பலருக்கும் தெரியும். கேரளத்துக் கால்பந்து ரசிகர்களுக்கோ அது ஓர் அணியின் பெயர். 1973ல் எர்ணாகுளத்தில் ரயில்வேயை 3-2 என்று தோற்கடித்து, கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் டிராபியைக் கைப்பற்றியது. மூன்று கோல்களையும் போட்டவர் கேப்டன் மணி. அவர் ஃபாக்ட் உரத் தொழிற்சாலைக்காரர். அந்த அணியில் ஆடிய நஜீமுத்தீன், டைட்டானியத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து அங்கேயே ஓய்வு பெற்றவர். களமசேரி பிரீமியர் டயர்ஸ், குண்டறை அலின்ட் என்று அக்காலத்து அணிகளின் பட்டியலைப் பார்த்தால் அது தொழிற்சாலைகளின் பட்டியல் போலவே இருக்கும். டயர் செய்கிறவன், உரம் செய்கிறவன், கம்பி இழுக்கிறவன் எல்லாரும் ஆடினார்கள். ஷிப்ட் முடிந்த தொழிலாளி நேரே மைதானத்துக்கு வந்து, தன்னோடு மிஷினில் நின்றவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கை தட்டினான்.

பிறகு போலீஸ் அணி வந்தது. 1990ல் திருச்சூரில் ஃபெடரேஷன் கோப்பை. மறு ஆண்டு கண்ணூரில் மீண்டும் அதே கோப்பை. சத்தியன், விஜயன், பாப்பச்சன், ஷரஃப் அலி, குரிகேஷ் மாத்யூ, சாக்கோ என்று அந்த அணியினரின் பெயர்களை இன்றும் வயதான மலையாளிகள் பெருமூச்சோடு சொல்வார்கள். அத்தனை பேரும் காக்கிச் சட்டை போட்டு மாதச் சம்பளம் வாங்கியவர்கள். ஐ.எம். விஜயன் சிறுவனாக இருந்த போது திருச்சூர் மைதானத்தில் ஒரு பாட்டில் பத்துப் பைசா கணக்கில் சோடா விற்றவர் என்பது ஊரறிந்த கதை. பதின்வயதிலேயே போலீஸ் அணிக்கு வந்து, இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, 2025ல் பத்மஸ்ரீ விருதையும் பெற்றார். பிழைப்புத் தேடி ஊரை விட்டு வந்த ஒரு தமிழ் இளைஞனுக்கு இதைக் காட்டிலும் நெருக்கமான கதை கிரிக்கெட் பட்டியலில் கிடைக்குமா என்பது சந்தேகம்.

எல்லாக் கதையும் அப்படி முடிவதில்லை. அதே போலீஸ் அணியின் வி.பி. சத்தியன், 1992ல் கோயம்புத்தூரில் நடந்த இறுதி ஆட்டத்தில் கோவாவை 3-0 என்று வென்ற கேரள அணியின் கேப்டன். இந்தியாவுக்கும் கேப்டனாக இருந்தவர். பிற்பாடு சென்னைக்குப் போய் இந்தியன் வங்கியில் வேலை பார்த்தார். அதாவது, தமிழர் இங்கே வந்து குமாஸ்தாவாக இருப்பது போல அவர் அங்கே போய் வங்கி ஊழியராக இருந்தார். 2006ஆம் ஆண்டு ஜூலை 18ந் தேதி பல்லாவரத்தில் அவருடைய வாழ்வு துயரமாக முடிந்தது. அப்போது வயது 41. அவர் மனத்தில் இருந்தது என்ன என்று ஆராய்வது பத்திரிகையின் வேலை அல்ல. ஆயினும் ஆட்டம் நின்ற பிறகு ஓர் ஆட்டக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்க, அவரைச் சுற்றி நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேர் மைதானத்தில் கை தட்டிய ஆயிரம் பேரிலிருந்து வருவதில்லை. பக்கத்து மேஜையிலிருந்துதான் வர வேண்டும்.

ஆபீஸ் அணிகளின் நடைமுறையை அறிந்தவர்களுக்கு இது புரியும். பையன் இருபது வயதில் வேலைக்குச் சேர்கிறான். போட்டிக் காலத்தில் வெளியூர்; மற்ற நாட்களில் காலையும் மாலையும் பயிற்சி. நடுவே கிடைக்கும் நேரத்தில் ஃபைலைப் புரட்டுகிறான். இரண்டு ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தவன் கூட நோட் எழுதப் பழகி விடுகிறான். ஆட்டக்காரனுக்குக் கால் பழகுகிறதே தவிரக் கை பழகுவதில்லை. முப்பது, முப்பத்திரண்டில் முழங்கால் விட்டுப் போகிறது. அன்றிலிருந்து ஓய்வு பெறும் நாள் வரை அவன் வெறும் குமாஸ்தா. அதிலும் வேலை தெரியாத குமாஸ்தா என்ற பெயர். இலாகாப் பரீட்சை எழுதாததால் பிரமோஷன் தள்ளிப் போகும். சக ஊழியர் யாரும் கெட்டவர்கள் அல்லர். அவன் யார் என்பது அவர்களுக்குத் தெரியாது; அவ்வளவுதான்.

அணிகளும் சாசுவதம் அல்ல. பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர், தேசிய லீக் வரை சென்று ஆடிய ஓர் அணியை வைத்திருந்தது. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி அந்த வங்கியே பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்து பெயரை இழந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 2018ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி, கொல்கத்தாவில் வங்காளத்தை அதன் சொந்த மண்ணிலேயே பெனால்டியில் வீழ்த்திக் கேரளம் சந்தோஷ் டிராபியை வென்றது. கேப்டன் ராகுல் வி. ராஜ், பெனால்டிகளைத் தடுத்த கோல்கீப்பர் மிதுன் இருவரும் ஸ்டேட் வங்கி ஊழியர்கள். பயிற்சியாளர் சதீவன் பாலன் இந்நகரத்துக்காரர். அந்தக் கிளைகளில் கணக்கு வைத்திருந்த தமிழர் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்?

பெண்கள் அணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டத்தில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் கேரள மின்வாரியத்தின் மகளிர் வாலிபால் அணி, தேசிய அளவில் பெயர் பெற்றது. தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் கேரளப் பெண்கள் ரயில்வேயிடம் தோற்றுத் திரும்புவது வருஷா வருஷம் நடக்கும் சடங்காகவே இருந்தது. 2019 ஜனவரியில் அந்தச் சடங்கு முடிவுக்கு வந்தது. அதுவும் எங்கே? சென்னையில், நேரு உள்விளையாட்டு அரங்கில். அன்று ஆடிய ரேகா, ஜினி, ருக்சானா முதலியோர் மின்வாரியப் பெண்கள். மின்கட்டண ரசீதைப் பார்த்து மின்வாரியத்தைத் திட்டாத குடித்தனக்காரர் ஸ்ரீவராகத்தில் இருக்க முடியாது. திட்டட்டும், நியாயம்தான். ஆனால் அதே வாரியத்துப் பெண்கள் சென்னையில் வென்று வந்ததையும் அறிந்து வைத்துக் கொண்டு திட்டினால் என்ன?

"இதெல்லாம் மலையாளிகளின் சமாசாரம், நமக்கென்ன?" என்று சிலர் கேட்கக் கூடும். கேரளக் கடற்கரையின் தென்கோடியில் உள்ள பொழியூரில் ஒரு கால் வைத்தால் அடுத்த கால் நீரோடியில், அதாவது தமிழ்நாட்டில், விழும். 1956ல் போட்ட எல்லை அது. பந்துக்கு அந்த எல்லை தெரியாது. நீரோடியிலிருந்து மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர் என்று நீளும் மீனவ ஊர்கள் அத்தனையிலும் கால்பந்துதான் ஆட்டம். தமிழ்நாட்டில் இருந்தாலும் தூத்தூர் வட்டாரத்து ஆலயங்கள் திருவனந்தபுரம் லத்தீன் பேராயத்தைச் சேர்ந்தவை. 2017 ஒக்கிப் புயலில் இந்தக் கரையின் இரண்டு பக்கமும் சேர்ந்தேதான் அழுதது. இரவிபுத்தன்துறையிலிருந்து புறப்பட்ட மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர் அணிகளில் ஆடி, 2019-20ல் ஐ.எஸ்.எல். கோப்பை வென்ற ஏ.டி.கே. அணியில் இருந்தார். இந்தப் பக்கம், டைட்டானியம் ஆலைக்கு அருகே உள்ள வெட்டுகாட்டுப் பையன் ஜாபி ஜஸ்டின் கொல்கத்தா ஈஸ்ட் பெங்காலில் கோல் மழை பொழிந்து, பின்னர் சென்னையின் சட்டையையே போட்டு ஆடினார். இவர்களில் யார் தமிழர், யார் மலையாளி என்று பிரித்துக் கொண்டிருப்பவர் கடற்கரையை ஒரு நாளும் பார்த்ததில்லை என்று பொருள்.

2024ல் சூப்பர் லீக் கேரளா தொடங்கி, திருவனந்தபுரத்துக்குக் கொம்பன்ஸ் என்ற அணியும் வந்தது. பாளையத்துப் பக்கம் உள்ள சந்திரசேகரன் நாயர் மைதானத்தில் விளக்கொளியில் ஆட்டம், பிரேசிலிலிருந்து வந்த கேப்டன், கொட்டு முழக்கம் எல்லாம் சேர்ந்து நல்ல கூட்டம் கூடியது. முதல் ஆண்டிலேயே அரையிறுதி வரை சென்றது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் ஒரு பருவத்துக்கு ஒப்பந்தம் போட்டு வருகிறவர் அடுத்த பருவத்தில் எங்கே இருப்பார் என்று சொல்ல முடியாது. அவர் படம் போட்ட சுவரொட்டிக்குப் பக்கத்தில், முப்பது வருஷம் இங்கேயே இருந்து பென்ஷன் வாங்கப் போகிற ஆட்டக்காரரின் படத்துக்கும் கொஞ்சம் இடம் வேண்டும்.

அதற்கு ஆகும் செலவு ஒன்றும் பெரிதல்ல. அணி வைத்திருக்கும் ஒவ்வோர் ஆபீஸும் தன் காண்டீன் சுவரில் ஆட்டக்காரர்களின் படத்தையும், பெயரையும், பிரிவையும், ஆட்டத் தேதியையும் மலையாளத்திலும் தமிழிலும் ஒட்டி வைக்கலாம். யூனியன்காரர்கள் போனஸுக்குக் கொடி பிடிக்கும் போதே, ஆட்டத்தை விட்டவர்களுக்கு ஆறு மாதம் வேலைப் பயிற்சியும், இலாகாப் பரீட்சைக்குக் கூடுதல் வாய்ப்பும் கேட்டால் எந்த அதிகாரியும் முகத்துக்கு நேரே மறுக்க மாட்டார். நகரத்துத் தமிழ் அமைப்புகள் பொங்கல் விழாவுக்குச் சினிமாக்காரரைத் தேடி அலைவதை ஓர் ஆண்டு நிறுத்தி விட்டு, இந்நகர் அணிகளில் ஆடும் கன்னியாகுமரிக் கரைப் பையன்களையும், மின்வாரியப் பெண்களையும் மேடையேற்றிப் பார்க்கட்டும். வேட்டியும் துண்டும் வாங்கிய காசு வீண் போகாது.

ஆபீஸ் அணிகளின் ஆட்டத்துக்குப் பெரும்பாலும் டிக்கெட்டே கிடையாது. ஸ்ரீவராகத்திலிருந்து கிழக்குக் கோட்டைக்கு நடந்து வந்து பாளையம் பஸ் ஏறினால் ஆபீஸ் விட்ட பிறகும் இரண்டாம் பாதியைப் பார்த்து விடலாம். காலரியில் ஆள் இருக்காது. எந்த வரிசையில் வேண்டுமானாலும் உட்கார்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மைதானத்தில் நிற்பவர் காதில் விழும்.