‘ரெடி’ என்று காத்திருந்த பெட்டி

வீடும் திரையும் – ஒடென்சேயிலிருந்து

டென்மார்க்கில் இப்ப எந்தப் பெற்றோர் கூட்டத்துக்குப் போனாலும் ஸ்மார்ட்போன் கதைதான். 2025 பெப்ரவரியில் பிள்ளைகளின் நலன் பற்றி ஆராய்ந்த அரசாங்க ஆணைக்குழு, 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குச் சொந்தமாக ஸ்மார்ட்போன் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. பள்ளியிலும் எஸ்எஃப்ஓவிலும் போன் இல்லாமல் செய்யச் சட்டம் கொண்டுவரப்போவதாக அரசாங்கமும் அறிவித்தது. அதுக்குப் பிறகு எங்கட வீடுகளிலும் ஒரே கணக்குத்தான்: ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம்?

மணித்தியாலக் கணக்கு தேவைதான், அதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அதோட இன்னொரு கேள்வியும் இருக்கு. அந்தத் திரை பிள்ளையிடம் என்ன கேட்குது? இதை விளங்கப்படுத்த எனக்கு ஒரு பழைய பெட்டி உதவும். எண்பதுகளின் கடைசியிலோ தொண்ணூறுகளிலோ இங்கே சின்னப் பிள்ளையாக வளர்ந்தவர்களுக்கு அதை ஞாபகம் இருக்கும். சொந்த வீட்டில் இல்லாவிட்டாலும், வகுப்பு நண்பனின் வீட்டிலாவது பார்த்திருப்பீர்கள். அதுதான் கொமடோர் 64.

கீபோர்டுக்குள்ள ஒரு கொம்பியூட்டர்

1982 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் அது முதன்முதலாகக் காட்டப்பட்டது. விலை 595 டொலர். பார்க்க ஒரு தடித்த கீபோர்ட் மாதிரி, மண்ணிறம் கலந்த பெட்டி. பாண் வைக்கிற பெட்டி போல இருக்கு என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். முழுக் கொம்பியூட்டரும் அந்தக் கீபோர்டுக்குக் கீழேதான். தனித் திரை கிடையாது, வீட்டில் இருக்கிற ரீவியில் கொழுவ வேணும். வலது பக்கத்தில் இரண்டு ஜோய்ஸ்டிக் துளை, பின்பக்கத்தில் காட்ரிட்ஜ் செருகுகிற இடம். புரோகிராமைச் சேமிக்கக் கசெற் பிளேயர், கொஞ்சம் காசு இருந்தால் 170 கிலோபைட் கொள்ளும் டிஸ்க் டிரைவ். கசெற்றில் இருந்து ஒரு விளையாட்டு ஏறி முடியிறதுக்குள்ள தேத்தண்ணி போட்டுக் குடித்துவிடலாம்.

பெயரில் உள்ள 64 அதன் நினைவகம், அதாவது 64 கிலோபைட். உங்கட போனில் எடுக்கிற ஒரு படம் மூன்று மெகாபைட் என்று வையுங்கோ. அந்த ஒரு படத்துக்கு 48 கொமடோரின் நினைவகம் தேவை. அந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே 16 நிறம், திரையில் ஒன்றையொன்று தாண்டி ஓடக்கூடிய எட்டு உருவங்கள், மூன்று குரலில் பாடும் ஒரு சிப் எல்லாம் வைத்தார்கள். ஸ்பிரைட் என்று சொல்லப்படும் அந்த உருவம் ஒவ்வொன்றும் 24 புள்ளி அகலம், 21 புள்ளி உயரம். சிட் என்ற அந்த ஒலிச் சிப்பை வடிவமைத்தவர் பொப் யானஸ். விளையாட்டுக்குப் பீப் சத்தம் போதும் என்று மற்றவர்கள் நினைத்த காலத்தில், அவர் அதை ஒரு சின்தசைசர் வாத்தியமாகவே யோசித்தார்.

அந்தச் சத்தம் டென்மார்க்கிலும் பலரின் வாழ்க்கையை மாற்றியது. பிறகு ‘ஹிட்மேன்’ விளையாட்டுகளுக்கு இசையமைத்துப் பெயரெடுத்த ஜெஸ்பர் கிட், கொமடோரிலும் அதுக்குப் பின் வந்த அமிகாவிலும் இசை செய்து தொடங்கிய டெனிஷ்காரர்தான். கொம்பியூட்டரில் படமும் இசையும் செய்து போட்டி போட, 1991 கிறிஸ்மஸ் முடிந்த கையோட யூலாந்தின் ஆர்ஸ் என்ற சின்ன ஊரில் இளம் பிள்ளைகள் கூடினார்கள். ‘த பார்ட்டி’ என்ற அந்த ஒன்றுகூடல் 2002 வரைக்கும் தொடர்ந்தது.

நீலத் திரையில் ஒரு சொல்

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுக்குப் பிறகுதான். சுவிட்சைப் போட்டால் என்ன வரும்? ஓரம் எல்லாம் வெளிர் நீலம், நடுவில் கடும் நீலம். மேலே அதன் பெயர். அதுக்குக் கீழே 38911 பைட் உனக்காக இருக்கு என்று ஒரு வரி. பிறகு ‘ரெடி’ என்ற ஒரு சொல், அதுக்குக் கீழே மின்னி மின்னி நிற்கிற ஒரு சதுரம். வேறு ஒன்றும் இல்லை.

ஐகான் இல்லை, அடுத்த வீடியோ இல்லை, “உங்களுக்குப் பிடிக்கலாம்” என்று ஒன்றும் இல்லை. பிள்ளை ஏதாவது தட்டும் வரைக்கும் அது சும்மா காத்திருக்கும். அந்த வெறுமை தற்செயலாக வந்தது இல்லை. பேசிக் என்ற புரோகிராம் மொழியை மெசினுக்குள்ளேயே நிரந்தரமாக எழுதி வைத்திருந்தார்கள். கூட வந்த கைநூலிலும் பேசிக்தான் பாடம். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளையும் அதைப் பார்த்துத் தட்டி, ஒரு பலூனைத் திரையில் பறக்க விடலாம். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கென்று தனியாக விற்ற வழிகாட்டி நூலில் மெசினின் மின்சுற்று வரைபடத்தையே மடித்து வைத்திருந்தார்கள். உள்ளே என்ன இருக்கு என்று மறைக்கவில்லை.

எல்லாப் பிள்ளையும் புரோகிராம் எழுதியது என்று நான் சொல்லவில்லை. முக்கால்வாசிப் பேர் விளையாடத்தான் செய்தார்கள். ஆனால் விளையாட்டை ஏற்றுவதற்கே ஒரு கட்டளையைத் தட்டத்தான் வேணும். மெசினுக்கு நான் சொன்னால்தான் அது செய்யும் என்பது ஒவ்வொரு தடவையும் கைவிரலுக்கு விளங்கியது. இப்ப ஐபாட்டைக் கையில் எடுத்த பிள்ளைக்கு விளங்குவது அதுக்கு நேர் எதிர். அது சொல்லும், நான் பார்ப்பேன்.

டைப்ரைட்டர் திருத்தின அகதி

இந்தப் பெட்டியைச் செய்த கம்பனியின் கதை எங்கட அப்பா அம்மாவின் கதைக்கு அந்நியமில்லை. கொமடோரைத் தொடங்கிய ஜக் ட்ரமீல் 1928 இல் போலந்தின் வூட்ச் நகரத்தில் பிறந்த யூதர். அவுஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டு போகப்பட்டு, உயிர் தப்பியவர். 1947 இல் அமெரிக்கா போனார். அங்கே இராணுவத்தில் சேர்ந்து அலுவலக மெசின்கள் திருத்தப் பழகினார். பிறகு நியூயோர்க்கில் டைப்ரைட்டர் திருத்தும் கடை போட்டார். அந்தக் கடையில் இருந்துதான் கொமடோர் வளர்ந்தது.

கொம்பியூட்டர் வசதியான ஒரு கூட்டத்துக்கு மட்டும் இல்லை, எல்லாச் சனத்துக்கும் போக வேணும் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கொள்கை. சிப் செய்கிற தொழிற்சாலையையே வாங்கி வைத்திருந்ததால் விலையைக் குறைக்க அவருக்கு முடிந்தது. 1994 இல் கம்பனி திவாலாகும் வரைக்கும் ஒரு கோடிக்கு மேல் கொமடோர் 64 விற்றது. இங்கே லொப்பமார்க்கட்டில் பழையது வாங்கிக் கொண்டு வரக்கூடிய விலைக்கு அது இறங்கியதால்தான், துப்புரவு வேலையும் பாத்திரம் கழுவும் வேலையும் செய்த எங்கட பெற்றோரின் வீடுகளுக்குள்ளும் அது வந்தது.

டொண்டரில் பிறந்த மொழி

கொம்பியூட்டர் பிள்ளையிடம் என்ன கேட்க வேணும் என்ற கேள்வியை டெனிஷ் ஆசிரியர்கள் அப்பவே கேட்டிருக்கிறார்கள். ஜெர்மன் எல்லைக்குப் பக்கத்தில் உள்ள டொண்டர் ஊரின் ஆசிரியர் கல்லூரியில் போர்கே கிறிஸ்டென்சன் என்ற விரிவுரையாளர் இருந்தார். பேசிக்கில் மாணவர்கள் எழுதியதைத் திருத்த அவருக்குத் தலையிடி. ஒரு வரியில் இருந்து இன்னொரு வரிக்குத் தாவித் தாவி, எழுதினவருக்கே விளங்காத மாதிரி இருக்கும். அதனால் 1973 அளவில், ஓர்ஹூஸ் பல்கலைக்கழகத்தின் பெனடிக்ட் லொஃப்ஸ்டெட்டோட சேர்ந்து கோமல் என்ற மொழியைத் திட்டமிட்டார். பேசிக்கைப் போலத் தொடங்க இலகு. ஆனால் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் வைத்து, வாசித்தால் விளங்கும்படி எழுத வைக்கும்.

கோமல் கொமடோர் 64க்கும் காட்ரிட்ஜாக வந்தது. டெனிஷ் பள்ளிகளில் அது ரெய்னசென்ட்ராலன் கம்பனியின் பிக்கலோ, பிக்கலீனா மெசின்களில் ஓடியது. உங்களில் சிலர் ஃபோல்கஸ்கோலவில் பிக்கலீனாவில் தட்டியிருப்பீர்கள். வாசித்தால் விளங்க வேணும், மற்றவருக்கும் விளங்க வேணும் என்பது ஒரு ஆசிரியரின் கவலை. அந்தக் கவலையில் இருந்து ஒரு கொம்பியூட்டர் மொழியே பிறந்திருக்கு.

எட்டுக்கு எட்டில் ‘ப’

இனி எங்கட தமிழுக்கு வருவோம். கொமடோரின் திரை 40 எழுத்து அகலம், 25 வரி. ஒவ்வொரு எழுத்தும் எட்டுக்கு எட்டு, மொத்தம் 64 புள்ளி உள்ள ஒரு கட்டம். உலகமெங்கும் விற்ற சாதாரண மொடலில் தமிழ் இல்லை, டெனிஷ் எழுத்துகளான ‘æ’, ‘ø’, ‘å’ என்பவையும் இல்லை. ஆனால் அந்தக் கட்டங்களை மாற்றி உங்கட எழுத்தை நீங்களே வரைய மெசின் இடம் விட்டது.

வரைகிற முறை லேசு. ஒரு வரியில் எட்டுப் புள்ளி. இடமிருந்து வலமாக அவற்றின் பெறுமதி 128, 64, 32, 16, 8, 4, 2, 1. நிரப்பின புள்ளிகளைக் கூட்டினால் அந்த வரிக்கு ஒரு எண் வரும். ‘ப’ இப்படி:

□□□□□□□□ 0
□■□□□□■□ 66
□■□□□□■□ 66
□■□□□□■□ 66
□■□□□□■□ 66
□■□□□□■□ 66
□■■■■■■□ 126
□□□□□□□□ 0

66களை எல்லாம் 64 ஆக்குங்கோ, வலது கோடு போய் ‘ட’ வரும். ‘ப’வின் முதல் வரியில் 0க்குப் பதிலாக 24 போடுங்கோ, நடுவில் புள்ளி விழுந்து ‘ப்’ ஆகும். ஒரே ஒரு எண்தான் மாறியது. பக்கத்துக் கட்டத்தில் அரவு வரைந்தால் ‘பா’. உயிர்மெய் எப்படிக் கட்டப்படுது என்பதைப் பிள்ளை கண்ணால் காணும். ‘ண’வுக்கு வந்தால் எட்டுப் புள்ளி அகலம் காணாது, சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்ளும். இரண்டு கட்டம் எடுக்க வேணும். “ஏன் அம்மா ‘ண’வுக்கு இவ்வளவு சுழி?” என்று பிள்ளை அப்ப கேட்கும். பயிற்சிப் புத்தகத்தில் பத்துத் தரம் எழுதச் சொன்னால் அந்தக் கேள்வி வராது.

தமிழ் கொம்பியூட்டருக்குள் வந்ததும் இப்படித்தான். யாரும் எங்களுக்காகச் செய்து தரும் வரைக்கும் காத்திருக்கவில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். தமிழ்நாட்டுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வெளியில், வேறு வேலை பார்த்துக்கொண்டு இருந்தவர்களின் கைவேலைதான் இன்று நாங்கள் வட்ஸ்அப்பில் தமிழ் தட்டுவதற்கு வழி திறந்தது.

இப்ப வீட்டில் என்ன செய்யலாம்

ஒரு பழைய கொமடோரைத் தேடி அலையத் தேவையில்லை. கிடைத்தாலும் அதோட வந்த பழைய மின்சாரப் பெட்டியைப் பாவிக்காதீங்கோ. அது பழுதானால் கூடின வோல்டேஜ் போய் மெசினின் சிப்புகளை எரித்துவிடும். வைஸ் என்ற இலவச மென்பொருளை லப்டொப்பில் போட்டால், அதே நீலத் திரை, அதே ‘ரெடி’. முதல் நாளில் இரண்டு வரி போதும்: 10 பிரின்ட், பக்கத்தில் மேற்கோள் குறிக்குள் பிள்ளையின் பெயர், 20 கோட்டூ 10. பிறகு ‘ரன்’. பெயர் திரை நிறைய ஓடும்.

பள்ளிப் பையிலும் ஒரு வழி இருக்கு. 2018 இல் டிஆர் தொடங்கிய அல்ட்ராபிட் திட்டத்தால் மைக்ரோபிட் என்ற சின்னப் பலகை டெனிஷ் வகுப்புகளுக்குள் வந்தது. அதில் ஐந்துக்கு ஐந்து, 25 விளக்கு. ‘ப’வும் ‘ட’வும் அதுக்குள் அழகாக அடங்கும். ஒன்றுக்குப் பின் ஒன்றாக மின்ன விட்டால் ‘பட பட’ என்று ஓடும். பிள்ளைக்கு அது வீட்டுப்பாடம் இல்லை, வகுப்பில் வேறு ஒருவரும் செய்ய முடியாத வித்தை.

கொம்பியூட்டரே வேண்டாம் என்றாலும் சதுரக் கொப்பி ஒன்று போதும். அப்பப்பாவையோ அம்மம்மாவையோ பக்கத்தில் இருத்துங்கோ. டெனிஷ் வராத அம்மம்மாவும் தமிழ் சரளமாக வராத பேரப்பிள்ளையும் ‘ழ’வை எட்டுப் புள்ளிக்குள் அடக்குவது எப்படி என்று வாக்குவாதப்படுவதைப் பாருங்கோ. எழுத்தின் வளைவு எங்கே திரும்ப வேணும் என்று அம்மம்மாவுக்குத் தெரியும். எந்த எண்ணை மாற்ற வேணும் என்று பிள்ளைக்குத் தெரியும்.

எங்கட ஒடென்சே இன்று ரோபோக்களுக்குப் பேர் போன ஊர். யூனிவர்சல் ரோபொட்ஸ் 2005 இல் தொடங்கியது இங்கேதான். எங்கட பிள்ளைகளில் சிலர் நாளைக்கு அங்கே வேலைக்குப் போகலாம், போகாமலும் விடலாம். அது பெரிய விசயம் இல்லை. ஒரு திரையைத் திறந்ததும் “இதில நான் என்ன செய்யலாம்?” என்று பிள்ளை கேட்கப் பழகினால் போதும். தமிழைப் பற்றியும் அது அதே கேள்வியைக் கேட்கும். கேட்டுக்கொண்டு மட்டும் இருந்த மொழியை விட, கையால் கட்டின மொழி கனகாலம் நிற்கும்.

அடுத்த முறை மணித்தியாலக் கணக்கு எழுதும்போது பக்கத்தில் இன்னொரு கோடும் போடுங்கோ: இந்தக் கிழமை பிள்ளை திரைக்கு என்ன கொடுத்தது? ஒரு ‘ப’ இருந்தாலும் எழுதி வையுங்கோ.