அம்மா அனுப்பும் பார்சலுக்கு யார் காசு கட்டுறாங்க?

இந்த வாரம் எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், வருமான வரி எதுவும் இல்லை. ஒரு அட்டைப்பெட்டியைப் பற்றிப் பேசப் போறேன். கூடவே, பழைய வீடியோ ஒன்றில் நான் சொன்ன ஒரு தப்புக் கணக்கைத் திருத்தவும் போறேன்.

அந்த வீடியோ சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். ஆபீஸ்ல சாயங்காலம் 5 மணிக்குப் பசிக்கும்போது தினமும் ஒரு எனர்ஜி பார் வாங்கிட்டிருந்தேன். ஒன்று 80 ரூபாய். மாசம் 22 வேலை நாள், ஆக 1,760 ரூபாய். அதை நிறுத்திட்டு ஊரிலிருந்து அம்மா அனுப்பும் பொரிவிளங்காய் உருண்டைக்கு மாறினேன். மிச்சமான காசில் 1,500 ரூபாய்க்கு ஒரு எஸ்ஐபி ஆரம்பிச்சேன். "ஸ்நாக்ஸ் செலவு ஜீரோ"ன்னு அந்த வீடியோவுல ரொம்பப் பெருமையா சொன்னேன்.

ஜீரோ இல்லீங்க. என் செலவு மட்டும்தான் ஜீரோ.

எங்க ஊர் தென்காசிப் பக்கம் கடையம். போன ஆடியில் குற்றாலச் சாரலுக்கு லீவு போட்டு, பொதிகையில் வந்து தென்காசியில் இறங்கி, பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போனேன். அருவியில் குளிச்சிட்டு வந்து பேனா தேடும்போது அம்மாவோட பால் கணக்கு நோட்டு கையில் கிடைச்சது. முன்பக்கம் பால். பின்பக்கம் திருப்பினா கருப்பட்டி, பாசிப்பயறு, கூரியர். தேதி போட்டு, மாசம் இரண்டு தடவை. கூரியர் ரசீது எல்லாம் மடிச்சு அதே நோட்டுக்குள்ள.

ஒரு பார்சல் கணக்கு இது. ஒரு கிலோ கருப்பட்டி 400 ரூபாய். புழுங்கலரிசி அரை கிலோ 30, பாசிப்பயறு அரை கிலோ 65, பொட்டுக்கடலை கால் கிலோ 30, நிலக்கடலை கால் கிலோ 40, தேங்காய் 40, சுக்கும் ஏலக்காயும் 25, மில்லில் அரவைக் கூலி 20. கேஸுக்கு 30 ரூபாய்னு நான் சேர்த்துக்கிட்டேன், அம்மா எழுதலை. ஆக 680. கூரியர் 200, போய்வர ஆட்டோ 40. மொத்தம் 920 ரூபாய். இரண்டரை கிலோ வரும், 40 கிராம் உருண்டையா சுமார் 62. உருண்டை ஒன்றுக்கு 15 ரூபாய்.

80 ரூபாய் பாருக்குப் பதிலா 15 ரூபாய் உருண்டை. இதுவரைக்கும் என் வீடியோ சரிதான். ஆனா மாசம் இரண்டு பார்சல்னா 1,840 ரூபாய். நான் வீட்டுக்கு மாசம் 5,000 அனுப்புறேன்னு எக்செல்ல பச்சைக் கலர்ல போட்டு வெச்சிருக்கேன். அதில் 1,840 அட்டைப்பெட்டியா என்கிட்டயே திரும்பி வருது. வீட்டுச் செலவுக்கு நிற்கிறது 3,160தான். நான் 1,500 ரூபாய் எஸ்ஐபி போட அம்மா 1,840 செலவு பண்ணிட்டிருக்காங்க. குடும்பக் கணக்கா பார்த்தா மாசம் 340 ரூபாய் துண்டு. (ரூம்ல மூணு பேரும் சாப்பிட்டோம். பதிலுக்கு மற்ற இரண்டு வீட்டுப் பார்சலிலும் எனக்குப் பங்கு கிடைச்சது. அதை மறைக்கலை.)

இது காசு மட்டும்தான். பொரிவிளங்காய் செய்யுறதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கீங்களா? அரிசியையும் பயறையும் தனித்தனியா பொன்னிறமா வறுக்கணும். ஆற வெச்சு மில்லுக்குக் கொண்டு போகணும். கருப்பட்டியைக் கரைச்சு, வடிகட்டி மண் எடுத்துட்டுத் திரும்பக் காய்ச்சணும். தேங்காயைப் பல்லு பல்லா கீறி வறுக்கணும். இதெல்லாம் பரவாயில்லை. பாகு கெட்டிப்பதம் வந்து மாவில் ஊத்தினதும்தான் கஷ்டம் ஆரம்பிக்குது. சூடு ஆறுறதுக்குள்ள உருட்டியாகணும். ஆறிப்போச்சுன்னா மாவு உதிர்ந்திடும், உருண்டை நிற்காது. கையில் அரிசி மாவைத் தொட்டுக்கிட்டு, கொதிக்கிற மாவை அள்ளி அள்ளிப் பிடிக்கணும். 62 உருண்டை, மாசம் இரண்டு தடவை. அம்மாவோட வலது உள்ளங்கை நடுவில் தோல் தடிச்சுப் பளபளன்னு இருக்கு. இத்தனை நாள் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

சாமான் வாங்குறது, வறுக்கிறது, மில்லுக்குப் போறது, உருட்டுறது, பேக் பண்ணி அனுப்புறது எல்லாம் சேர்த்தா ஒன்றரை நாள் வேலை. இதுக்கு என்ன கூலி போடலாம்? 2025-26ல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயிச்ச தினக்கூலி 336 ரூபாய். ஒன்றரை நாளுக்கு 504. அதையும் சேர்த்தா ஒரு உருண்டை 23 ரூபாய். அப்பவும் பாரை விட மலிவுதான். அதனால வீட்டுத் தின்பண்டம் லாபமான்னு கேட்டா, லாபம்தான். அந்த லாபம் யாருக்கு, செலவு யாருக்குங்கிறதை நாம கேட்கிறதே இல்லை.

இந்த இடத்தில் ஒரு நேர்மையான விஷயத்தையும் சொல்லிடணும். "கருப்பட்டில செஞ்சது, எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்"னு ஒரு நம்பிக்கை நம்ம ஊர்ல இருக்கு. கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரைதான். நம்ம கணக்குப்படி ஒரு உருண்டையில் 16 கிராம் கருப்பட்டி, சுமார் 4 கிராம் புரதம். சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளில் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நம்மைப் போன்ற ஆளுக்கு அது ஏறக்குறைய 50 கிராம். மூணு உருண்டை தின்னா அன்றைய கோட்டா கிட்டத்தட்ட முடிஞ்சது. ஜிம் முடிச்சிட்டுப் புரதத்துக்காகச் சாப்பிடுறவங்களுக்கு இது மாற்று இல்லை. 5 மணிப் பசிக்கு ஒன்று, அதிகம் போனா இரண்டு. (கருப்பட்டி மலிவா கிடைச்சா கொஞ்சம் சந்தேகப்படுங்க. வெள்ளைச் சர்க்கரை கலக்கிறது ரொம்ப சகஜம். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைச்ச பிறகும், அந்தப் பேரைச் சொல்லி விற்கிறதெல்லாம் உடன்குடியிலிருந்து வந்ததுன்னு நினைக்க வேண்டாம்.)

சரி, நோட்டைப் பார்த்த அன்னைக்கு நான் பண்ணின முதல் காரியம், "இனிமே அனுப்ப வேண்டாம்மா"ன்னு சொன்னது. பெரிய தியாகம் பண்ற மாதிரி நினைப்பு எனக்கு. அம்மா முகம் விழுந்துடுச்சு.

"ஏன்யா, நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கும்மா. செலவு ஆகுதுல்ல?"

"அந்தப் பிள்ளேளும் திங்கும்லா. பெத்தவளுக்குக் கணக்கு பாத்துக் கூலி குடுக்க வந்திட்டியாக்கும்!"

அந்தப் பிள்ளைகள் யாருன்னா என் ரூம்மேட்ஸ். ஒருத்தன் மணப்பாறை, ஒருத்தன் கோவில்பட்டி. சென்னையில் எங்க ரூமுக்கு முறுக்கு, கடலைமிட்டாய், பொரிவிளங்காய்னு மூணு பார்சல் வரும். மூணையும் மூணு பேரும் சாப்பிடுவோம். எங்களுக்குள்ள அது பண்டமாற்று. ஆனா மாற்றிக்கிறது நாங்க, செய்யுறது அவங்க. இதைப் பண்டமாற்றுன்னு சொல்ல எனக்கே இப்போ கூச்சமா இருக்கு.

நிறுத்துறது வழி இல்லைன்னு புரிஞ்சது. அப்போ நண்பர்கள் எல்லாரும் சொல்ற அடுத்த யோசனை, "அம்மாவை இன்ஸ்டாவுல விற்கச் சொல்லுடா, சைடு இன்கம்." இதுக்கு நான் கொஞ்சம் எதிர்ப்பு. விற்பனைன்னு இறங்கினா வீட்டில் செஞ்சாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேணும், பாக்கெட்டுக்கு லேபிள் வேணும். அதெல்லாம் செய்யக்கூடியதுதான், பெரிய மலை இல்லை. ஆனா 62 உருண்டை 600 ஆகும்போது அந்தக் கொதிக்கிற மாவில் கை வைக்கப் போறது யார்? பேஜ் ஆரம்பிக்கிறவன் சென்னையில் ஏசியில் இருப்பான்.

எங்க ஊருக்குத் தபாலில் போடுற வியாபாரத் திட்டம் புதுசு இல்லை. கடையம், செல்லம்மாள் பாரதி பிறந்த ஊர். சிறையிலிருந்து விடுதலையான பாரதியார் 1918 முதல் 1920 வரை இங்கேதான் இருந்தார். 1920 ஜூனில் இங்கிருந்து நண்பர்களுக்குக் கடிதம் அனுப்பினார். தன் எழுத்தை எல்லாம் 40 புத்தகமா போடணும், புத்தகத்துக்கு 10,000 பிரதி, ஆரம்பச் செலவு 20,000 ரூபாய், ஆளுக்குக் குறைஞ்சது 100 ரூபாயாவது கடன் கொடுங்க, மாசம் 2 சதவீத வட்டி தர்றேன்னு கணக்கோட. சரக்கு எவ்வளவு உசத்தின்னு நமக்குத் தெரியும். முதல் சேரலை. அடுத்த வருஷம் செப்டம்பர்ல அவர் போயிட்டார். சரக்கு நல்லதா இருக்கிறது வேற, அதுக்கு முதலும் ஆளும் கிடைக்கிறது வேற. அம்மா நல்லா செய்யுறாங்கங்கிற ஒரே காரணத்துக்காக அவங்களைத் தொழில்முனைவோர் ஆக்காதீங்க. அவங்களா கேட்டா அது வேற கதை.

நாங்க பண்ணினது இதுதான். மாசம் இரண்டு பார்சல் ஒன்றாச்சு. 3ஆம் தேதி வீட்டுக்குப் போற 5,000 தனி. அது தவிர 1,000 ரூபாய் ஜிபேயில், "கருப்பட்டிக்கு"ன்னு குறிப்பு எழுதி. 504 ரூபாய் கூலியைப் பற்றிப் பேச்செடுத்தா அடிதான் விழும், அதனால எடுக்கலை. எஸ்ஐபி 1,500 அப்படியே ஓடுது. வெளியில் சாப்பிடுறதைக் குறைச்சுத்தான் அதைச் சமாளிக்கிறேன். கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா இப்போ அது என் காசு.

கை சூட்டுக்கு நான் சொன்ன யோசனை எடுபடலை. கடலைமிட்டாய் மாதிரி தட்டில் கொட்டிப் பரப்பி வில்லை போட்டுடலாமேன்னேன். "அது பொரிவிளங்காயா?"ன்னு ஒரே கேள்வி. ஆனா அப்படிச் செய்ய எனக்குத் தடை இல்லையே. மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரூம்ல நாங்க மூணு பேரும் எள்ளும் கடலையும் வெல்லப்பாகும் போட்டு வில்லை போடுறோம். முதல் தடவை பாகு முறுகிக் கசந்துடுச்சு. இரண்டாவது தடவை பதம் வராம அல்வா மாதிரி இழுத்தது. மூணாவது தடவை ஆபீஸுக்கே கொண்டு போனேன்.

அனுப்புறதில் ஒரு விஷயம் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. தனியார் கூரியர் பலதும் பெட்டியோட எடையை மட்டும் பார்க்கிறதில்லை. நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பாங்க. வர்ற எண், நிஜ எடையை விடக் கூடுதலா இருந்தா அதுக்குத்தான் காசு. 30, 25, 25 அளவுப் பெட்டியில் ஒன்றரை கிலோ முறுக்கு வெச்சாலும் 3.75 கிலோவுக்குக் கட்டணும். காற்றுக்குக் காசு கட்டுற மாதிரி. உருண்டை, மிட்டாய் எல்லாம் கனம் அதிகம், இடம் கம்மி. 20, 20, 15 பெட்டியில் இரண்டரை கிலோ அடங்கிடும். முறுக்கு வீட்டுக்காரங்க தபால் நிலையத்திலும் ஒரு தடவை விலை கேட்டுப் பாருங்க. கோவில்பட்டி கடலைமிட்டாயையும் பழனி பஞ்சாமிர்தத்தையும் வீட்டுக்கே கொண்டு வந்து கொடுத்தது தபால் துறைதான், தின்பண்டம் அவங்களுக்குப் புதுசு இல்லை.

இன்னொரு மாற்றம் நாங்க திட்டமிட்டது இல்லை. மூணு அம்மாக்களும் ஒருத்தர் நம்பரை ஒருத்தர் வாங்கிக்கிட்டாங்க. இப்போ இரண்டு மாசத்துக்கு ஒருமுறை மணப்பாறையிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் கடையத்துக்கே நேரா பெட்டி வருது, இங்கிருந்து அங்கே போகுது. கூரியர் காசு பிள்ளைகள் பொறுப்பு. முதல் பெட்டி வந்த அன்னைக்கு அம்மா போன் பண்ணி அரை மணி நேரம் பேசினாங்க. பெட்டி மேல அவங்க பேர் எழுதியிருந்ததாம். அப்பா பேருக்கு வந்திருக்கு, என் பேருக்கு வந்திருக்கு, அவங்க பேருக்கு ஒரு பார்சல் வர்றது இதுதான் முதல் தடவையாம்.

முறுக்கு பாதி நொறுங்கிப் போயிருந்ததுன்னு ஒரு குறையும் சொன்னாங்க. அடுத்த தடவை இடைவெளியில் பேப்பர் திணிக்காம பொரியைக் கொட்டி அடைக்கச் சொல்லியிருக்காங்களாம். பொரியையும் தின்னுக்கிடலாம்லா.