பெயரின் வாலைப் பார்க்கத் தெரிந்த தலைமுறை

கறுப்புத் திரையில் கோப்புகளின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். வன்தட்டு கரகரக்கும். சோதிக்கப்பட்ட கோப்புகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். முடிவில் பாதிப்பு ஏதுமில்லை என்ற வரி வரும்வரை கணினியின் முன்னிருந்தவர் எழுந்து போகமாட்டார். தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் முதற்பத்தாண்டிலும் இந்தியாவில் கணினி பழகியவர்களின் பொதுநினைவு இது. இந்நினைவைப் பேசுவோரை முதுமையின் ஏக்கத்துக்கு ஆட்பட்டவர்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஏக்கத்துக்குள் உண்மையான இழப்பு ஒன்று பதுங்கியிருக்கிறது. அதன் விலையை இன்று பலர் பணமாகவே கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அக்காலத்தின் சொற்களிலிருந்து தொடங்கலாம். வைரஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கு நஞ்சு என்பதே மூலப்பொருள். தமிழில் நச்சுநிரல் என்று பெயரிட்டவர்கள் அறிந்தோ அறியாமலோ அந்த வேர்ப்பொருளையே தொட்டுவிட்டார்கள். தொற்று, தடுப்பூசி, குவாரன்டைன் என்று மருத்துவத்தின் சொற்கள் வரிசையாகக் கணினிக்குள் குடிபுகுந்தன. 2020இல் நாடெங்கும் ஒலித்த குவாரன்டைன் என்னும் சொல்லைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆன்டிவைரஸ் திரையில் படித்துப் பழகியவர்கள் உண்டு. சொல் தெரிந்தவருக்குச் செயலும் தெரிந்திருந்தது. ஐயத்துக்குரிய கோப்பை அழிக்காமல், ஓடவும் விடாமல், தனியே பூட்டிவைப்பதுதான் அது என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

அன்றைய நச்சுநிரல்கள் தம் இருப்பைப் பல நேரங்களில் தாமே அறிவித்தன. 1986இல் லாகூரில் அல்வி சகோதரர்கள் எழுதிய ‘பிரெய்ன்’, தன் நிரலுக்குள்ளேயே அவர்களுடைய முகவரியையும் தொலைபேசி எண்ணையும் சுமந்து சென்றது. தடுப்பூசிக்குத் தொடர்புகொள்ளவும் என்ற குறிப்பும் அதில் இருந்தது. 1990இல் இந்தியாவில் கண்டறியப்பட்ட ‘ஜோஷி’ இன்னும் விசித்திரமானது. ஜனவரி 5ஆம் நாள் அது கணினியை நிறுத்திவைத்து, ஜோஷிக்குப் பிறந்தநாள் வாழ்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லும். வாழ்த்தினால் வழிவிடும். இவையெல்லாம் ஃபிளாப்பி வழியே, ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பரவியவை. நோய் எந்த வீட்டிலிருந்து, யாருடைய தட்டிலிருந்து வந்தது என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிட முடிந்தது.

மருந்தும் அவ்வாறே அருகிலிருந்து வந்தது. புணேயில் கால்குலேட்டர் பழுதுபார்ப்பில் தொழிலைத் தொடங்கியவர் கைலாஷ் கட்கர். பழுதென்று கடைக்கு வந்த கணினிகளில் நச்சுநிரல் பிடித்தவையும் இருக்கக் கண்டு, கணினி பயின்ற அவருடைய தம்பி சஞ்சய் அவற்றை நீக்கும் கருவிகளை எழுதத் தொடங்கினார். அதிலிருந்து பிறந்ததே குயிக்ஹீல். சென்னையிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே கே7 நிறுவனம் இதே துறையில் கால்பதித்தது. பழுதுபார்க்கும் மேசையிலிருந்து ஒரு மென்பொருள் தொழில் எழுந்ததற்குக் காரணம், கோளாறு கண்ணுக்குத் தெரிந்ததும் கைக்கு எட்டியதுமே.

பயன்படுத்துவோருக்கும் அதில் கடமை இருந்தது. மூன்றரை அங்குல ஃபிளாப்பியின் மூலையிலுள்ள சிறு தாழ்ப்பாளை நகர்த்தித் துளையைத் திறந்துவைத்தால், அதில் எதுவும் எழுத முடியாது. பிறர் கணினியில் போடுமுன் அதை நகர்த்துவது கதவைத் தாழிடுவது போன்ற அனிச்சைச் செயலாயிற்று. பின்னர் பென்டிரைவ் வந்தது. ஜெராக்ஸ் கடையில் ஓர் ஆய்வேட்டை அச்செடுத்துத் திரும்பினால், கோப்புறைப் படத்தைப் போர்த்திக்கொண்டு ‘நியூ ஃபோல்டர்’ என்ற பெயரில் ஒரு நிரல் உடன் வரும். படத்தை நம்பாதே, பெயரின் வாலைப் பார்; எக்ஸ்இ என்று முடிந்தால் அது கோப்புறையன்று. எந்தப் பாடநூலிலும் இல்லாத இந்தப் பாடத்தைக் கல்லூரி விடுதிகளும் பிரவுசிங் சென்டர்களும் கற்பித்தன. 2000ஆம் ஆண்டு மே மாதம் உலகைச் சுற்றிவந்த ‘ஐ லவ் யூ’ புழுவும் அந்த வாலைத்தான் மறைத்தது. காதல் கடிதம் என்று பெயரிட்டு, எளிய உரைக்கோப்பு போலத் தோன்றி, கடைசி மூன்று எழுத்துகளில் தன் உண்மையான வகையை ஒளித்துவைத்திருந்தது.

அக்காலம் பாதுகாப்பான காலமன்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1999 ஏப்ரல் 26இல் ‘செர்னோபில்’ நச்சுநிரல் வன்தட்டுத் தரவுகளை அழித்ததோடு சில கணினிகளின் பயாஸையும் கெடுத்தது. ஆன்டிவைரஸ் ஓடத் தொடங்கினால் கணினி ஆமையாகிவிடும். புதுப்பிக்கப்படாத மென்பொருளைக் காவலாக வைத்திருந்தோர் பலர். இன்று இயங்குதளத்துக்குள்ளேயே காவல் இருக்கிறது. அது சத்தமின்றி, மேலும் திறமையாக வேலை செய்கிறது. பழைய மென்பொருளுக்கே திரும்பிப் போகவேண்டும் என்று யாரும் வாதிட முடியாது.

ஆனால் காவல் கண்ணுக்கு மறைந்தபோது காவலின் கல்வியும் மறைந்துவிட்டது. இயந்திரத்தை உடைப்பது கடினமானதும் மோசடிக்காரர்கள் மனிதரை நோக்கித் திரும்பினார்கள். இன்று வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் ஒரு கோப்பு வருகிறது. அதன் வால் ஏபிகே என்று முடிகிறது. அது அழைப்பிதழன்று, கைபேசியில் நிறுவப்படக் காத்திருக்கும் செயலி. காதல் கடிதம் கல்யாணப் பத்திரிகையாகியிருக்கிறது, சூழ்ச்சி மாறவில்லை. வாலைப் பார்க்கும் பழக்கம்தான் போய்விட்டது. பல கைபேசிகளும் செயலிகளும் அந்த வாலைக் காட்டுவதையே தேவையற்ற சுமையாகக் கருதுகின்றன.

‘டிஜிட்டல் கைது’ இதன் அடுத்த படி. காவல்துறை என்றும் சிபிஐ என்றும் சொல்லிக்கொண்டு காணொளி அழைப்பில் ஒருவரை மணிக்கணக்கில் அமர்த்திவைத்துப் பணம் பறிக்கும் இம்மோசடியைப் பற்றி 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் எச்சரிக்க நேர்ந்தது. இங்கே எந்த ஆன்டிவைரஸும் பிடிக்கத்தக்க கோப்பு இல்லை. சீருடை ஒரு படம். முத்திரை ஒரு படம். படத்தை நம்பாதே என்ற பழைய விடுதிப் பாடம் ஒன்றே இங்கு மருந்து.

ஆகவே அக்கால நினைவுகளைப் பாடமாக்குவதே அவற்றுக்குச் செய்யும் மரியாதை. கைபேசிகள் கோப்பின் முழுப்பெயரை மறைக்காமல் காட்டட்டும். எச்சரிக்கைகள் வெறும் சரி என்ற பொத்தானோடு நில்லாமல், என்ன நடக்கப்போகிறது என்பதைத் தாய்மொழியில் ஒரு வரியில் சொல்லட்டும். பள்ளிக் கணினிப் பாடம் மென்பொருளை இயக்கக் கற்பிப்பதோடு ஐயுறவும் கற்பிக்கட்டும். இழந்தபின் அழைக்க 1930 என்ற எண் இருக்கிறது. இழக்குமுன் ஒரு நொடி நின்று பெயரின் வாலைப் பார்க்கும் பழக்கத்தை எந்த உதவி எண்ணும் தராது.